முழங்காலில் போட்ட தாளம்

எந்தக் கையில் ஊசி போடலாம் என்று நர்ஸ் கேட்டார். இடது மார்பில் அறுவை முடிந்து, அக்குளில் இருந்த கட்டிகளையும் எடுத்துவிட்டதால், என் மனைவிக்கு அந்தப் பக்கத்துக் கையில் இனி ஊசி குத்தக்கூடாது, ரத்த அழுத்தம்கூடப் பார்க்கக்கூடாது. இதை நான் டிஸ்சார்ஜ் காகிதத்தில் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, நகல் எடுத்து, கோப்பின் முதல் பக்கமாகவே வைத்திருந்தேன். எடுத்து நீட்டினேன். நர்ஸ் அதை வாங்கவில்லை. "வலதுன்னு சொன்னா போதும் சார்" என்றார்.

வருவாய்த் துறையில் கடைநிலை எழுத்தராகச் சேர்ந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். குத்தகைதாரர் பதிவு, நில உச்சவரம்பு, போலீஸ் காவலோடு அறுவடை, கோயில் நிலத்து ஆக்கிரமிப்பு என்று இந்தத் தஞ்சாவூர் ஜில்லாவில் நிலத்துக்காக மனிதர்கள் மோதிக்கொண்ட எல்லா வகையிலும் நடுவில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆட்சி மாறும், சுவரில் படம் மாறும், மேசை மாறாது. எதற்கும் ஒரு நடைமுறை உண்டு, அதைத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான் என்பது என் நம்பிக்கை. ஓய்வு பெற்று பாபநாசத்தில் என் மனைவியின் வீட்டுக்குக் குடிவந்து, துணிமணிகளைக்கூட ஒழுங்காக அடுக்கி முடிக்கவில்லை. அதற்குள் அவள் குளித்துவிட்டு வந்து, இங்கே ஏதோ தட்டுப்படுகிறது என்றாள்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியின் கீமோ அறையில் வரிசையாகக் கட்டில்கள். வாசலில் ஒரு ஆட்சி நாட்டிய அடிக்கல், அதை மறைத்தாற்போல இன்னொரு ஆட்சி வைத்த திறப்பு விழாக் கல்வெட்டு. உள்ளே ஒரு டிவி. அதில் எந்தச் சேனல் ஓட வேண்டும் என்பதில் நோயாளிகளின் உறவினர்களுக்குள் இரண்டு கட்சி. பாட்டிலில் மாதுளம் பழச்சாறு மாதிரி சிவப்பாக ஒரு மருந்து. அது நரம்புக்கு வெளியே கசிந்தால் தோல் வெந்துபோகும், அதனால் வலது கையை அசைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டு நர்ஸ் நகர்ந்தார்.

என் மனைவி கட்டிப்போட்ட தன் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப தாளம்?" என்றாள்.

அவள் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்தவள். பஸ்ஸிலோ வங்கியிலோ பல் டாக்டர் வீட்டிலோ காத்திருக்க நேர்ந்தால், வாய்க்குள்ளேயே ஒரு கீர்த்தனையை எடுத்துக்கொண்டு தொடையில் தாளம் போட்டபடி உட்கார்ந்துவிடுவாள். பக்கத்தில் இருப்பவருக்குக் காற்றுப் போவது போல ஒரு முனகல்தான் கேட்கும். பாட்டு முடியும்போது அவள் வேலையும் முடிந்திருக்கும். கீமோவுக்கும் அப்படித்தான் தயாராகி வந்திருந்தாள். முதலில் என்ன, நடுவில் என்ன, கடைசியில் என்ன என்று முதல் நாளே கச்சேரி போல வரிசைப்படுத்தியிருந்தாள். வலது கை போய்விடும் என்பது மட்டும் கணக்கில் வரவில்லை. இடது கையில் தாளம் போடலாமே என்றேன். தூக்கினால் வலிக்கிறது என்பது ஒரு பக்கம். இடது கையால் தாளம் போடுவதும் இடது கையால் திருநீறு கொடுப்பதும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டாள்.

ஆகவே பொறுப்பு என்னிடம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து பக்கத்து அறையில் அவள் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லித் தருவதைக் கேட்டபடிதான் கோப்பு பார்த்திருக்கிறேன். ஆதி தாளம் எனக்குத் தெரியும்: ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டும் வீச்சும் இரண்டு தடவை. எட்டு எண்ணிக்கை. இதில் ஒருவன் தவறுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்து என் தொடையில் ஆரம்பித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறவள். என் தொடை அவளுக்குத் தெரியாது. "எனக்குத் தெரியற மாதிரி போடுங்க" என்றாள். போர்வை மூடிய அவள் முழங்காலில் கையை வைத்தேன்.

அரசு ஊழியர் நடத்தை விதிகளில் பொது இடத்தில் மனைவியின் முழங்காலைத் தொடுவது பற்றி எதுவும் இல்லை. இருந்தாலும் நான் சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். எல்லாரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் பாட்டு பாதி போகுமுன் அவள் கண்ணைத் திறந்தாள். நான் ஓடுகிறேனாம். ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏறுகிறதாம். மாலை ஐந்து மணிக்குள் கோப்பை முடித்து அனுப்பிவிட்டு பஸ் பிடிக்கிறவன் மாதிரி போடுகிறீர்கள் என்றாள். அது உண்மைதான். தாளத்தில் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே ஒன்றுமே செய்யாமல் இருக்க வேண்டிய ஒரு இடம் இருக்கிறது. அந்த இடத்தில் என் கைக்கு இருப்புக் கொள்ளாது. அன்று மருந்து முழுக்க இறங்குவதற்குள் அந்த இடத்தில் சும்மா இருக்க ஓரளவுக்குக் கற்றுக்கொண்டேன். வெளியே வரும்போது, அடுத்த தடவை பரவாயில்லாமல் வரும் என்று அவளிடம் சொன்னேன். அவள் வாந்தி எடுத்துக்கொண்டே தலையாட்டினாள்.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து. நடுவில் வீடு. வீட்டில்தான் ஒயர் கூடை வந்தது.

அறுவை செய்த பக்கத்துக் கையை மெல்ல மெல்லப் பழக்க வேண்டும், விரல்களுக்கு வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்தில் கைவேலை டீச்சர் லீவு போடும்போதெல்லாம் அந்தப் பீரியடும் பாட்டு டீச்சர் தலையில்தான் விழும். அதனால் அவளுக்குக் கூடை பின்னத் தெரியும். ஒயர் வாங்கி வாருங்கள் என்றாள். கடைக்காரர் எந்தக் கட்சி கலர் சார் என்று கேட்டார். கிண்டல் இல்லை, வியாபாரக் கேள்விதான். தஞ்சாவூர் ஜில்லாவில் எந்த இரண்டு நிறத்தைச் சேர்த்தாலும் அது ஏதோ ஒரு கொடியாகிவிடும். வெகுநேரம் நின்று யோசித்து, கத்தரிப்பூ நிறத்தையும் சந்தன நிறத்தையும் தேர்ந்தெடுத்தேன். அந்தக் கூட்டணி இன்னும் அமையவில்லை.

அடிப்பாகத்தை முடிச்சுப் போட்டு ஒயர்களைப் பரப்பித் தருவது என் வேலை; சுற்றி மேலே ஏற்றுவது அவள் வேலை. மருந்தில் அவள் விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன. முடிச்சு இறுகிவிட்டதா என்று விரலுக்குத் தெரியாததால் கண்ணால் பார்த்துத்தான் இழுப்பாள். பின்னும்போது பாடுவாள். மெதுவான சவுக்க காலப் பாட்டில் போட்ட வரிசைகள் தளர்ந்தும், வேகமான துரித காலத்தில் போட்டவை விறைப்பாகவும் இருக்கும். முடிந்த கூடையைக் கையில் எடுத்தால் அன்று என்ன பாடினாள் என்று நான் சொல்லிவிடுவேன்.

எனக்கும் அது பிடித்துப்போனது. இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. தாலுகாவையே நிர்வாகம் செய்தவன் கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒயர் வெட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் முடிச்சைப் போடும்போது, எந்த ஒயர் மேலே, எது கீழே என்பதைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியாது. பயாப்ஸி ரிப்போர்ட்டில் படித்த வார்த்தைகள் அந்த நேரத்தில் எட்டிப் பார்ப்பதில்லை. அதற்காகவே சில நாள் அவள் தூங்கும்போதும் நான் பின்னிக்கொண்டிருந்தேன்.

அப்படித் தனியாகப் பின்னிய முதல் கூடையில்தான் தப்புச் செய்தேன். அடிப்பாகத்தில் ஒரு பக்கம் ஒரு முடிச்சு அதிகமாகிவிட்டது. மேலே ஏற ஏறக் கூடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தரையில் வைத்தால் யாரையோ நலம் விசாரிப்பது போல நிற்கும். பிரித்துவிடுகிறேன் என்றேன். அவள் விடவில்லை. ஃபிளாஸ்க், எலுமிச்சம்பழம், ஸ்கேன் உறை எல்லாம் அதில்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தன.

அந்தக் கூடையை முதலில் கேலி செய்தவர் எங்கள் குத்தகைதாரர். இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மாமனாரின் நிலத்தை இவருடைய அப்பா காலத்திலிருந்து சாகுபடி செய்கிறார்கள். குத்தகைப் பதிவுச் சட்டம் வந்ததும் முறையாகப் பதிந்துகொண்டார்கள். வாய்க்கால் ஓரத் தென்னந்தோப்பும் குத்தகையில் அடக்கம் என்று அவர்கள் சொல்ல, இல்லை என்று மாமனார் வழக்குப் போட்டார். எனக்கு அப்போதே வழக்கின் இரண்டு பக்கத்து ஓட்டைகளும் தெரியும். மருமகனாக இருந்ததால் சொல்லவில்லை. வழக்கு நடக்கும்போதே மாமனார் காலமானார். ஒரே வாரிசான என் மனைவியை வழக்கில் சேர்ப்பதற்கே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குப் பிறகு வாய்தா மேல் வாய்தா.

அறுவை நடந்த அன்று வழக்கு விசாரணைக்கு வந்தது. எங்கள் வக்கீல் அன்று வேறு கோர்ட்டில் இருந்ததால் வாய்தா கேட்கக்கூட எங்கள் பக்கம் ஆள் இல்லை. குத்தகைதாரரின் வக்கீலே எழுந்து, தன் கட்சிக்காரருக்குக் கடும் காய்ச்சல், ஒத்திவைக்க வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறார். காய்ச்சல்காரர் கோர்ட் வராந்தாவில் வேர்க்கடலை தின்றுகொண்டு நின்றதை எங்கள் வக்கீலின் குமாஸ்தா பார்த்தாராம். பிறகு ஒருநாள் இளநீரோடு வீட்டுக்கு வந்தபோது நான் அதைக் கேட்டேன். டீச்சர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது தான் ஜெயித்தால் ஊரில் என்ன பேசுவார்கள் என்றார். அந்த இளநீர் வழக்கில் இருக்கும் தோப்பில் பறித்ததா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது சாட்சியமாகிவிடும்.

அவருடைய அப்பா என் மாமனாரை வேறு என்னவோ சொல்லிக் கூப்பிடுவார். இவர் என்னை சார் என்பார், அவளை டீச்சர் என்பார். தோளில் கட்சித் துண்டு. வீட்டுக்குள் வந்தால் நாற்காலியில்தான் உட்காருவார், அதுவும் என் நாற்காலியில். அதில் உட்கார்ந்தபடி சாய்ந்த கூடையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"சார் அளந்து குடுத்த நெலம் மாதிரியே இருக்கு டீச்சர்" என்றார்.

அவள் ரசித்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் தனியாக ஞாபகம் வைத்திருப்பதற்குக் காரணம், அதற்குப் பிறகு அவள் வெகு நாள் சிரிக்கவில்லை.

மூன்றாவது முறை மருந்து ஏறியபோது அது நடந்தது. சாவேரி ராகத்தில் ஒரு கீர்த்தனை. அவள் பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் எத்தனையோ பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே மனப்பாடம் என்று சொல்லலாம். பல்லவி, அனுபல்லவி எல்லாம் முறையாகப் போயின. என் கை அவள் முழங்காலில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. சரணத்தில் இரண்டாவது வரிக்கு வரும்போது அவள் முனகல் நின்றது. உதடு திறந்தபடி இருந்தது. வார்த்தை வரவில்லை. நான் கையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

அவள் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள். அனுபல்லவியிலிருந்து மறுபடி எடுத்தாள். அதே இடத்தில் நின்றாள். நானும் நின்றேன். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தூங்குகிறாள் என்று நினைத்து நான் போய்க் காபி வாங்கிவந்தேன்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்துப் பார்த்தாள். வரி அவள் கையெழுத்திலேயே இருந்தது. படித்து, பாடி, மறுபடி பாடினாள். காலையில் எழுந்தபோது அது மறுபடி இல்லை. அடுத்து வேறொரு பாட்டில் ஒரு இடம் போயிற்று. கூடையில் நாலு வரிசை ஏற்றிவிட்டு, அடுத்த முடிச்சு எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஒயரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முடி கொட்டியபோது அவள் அழவில்லை. சீப்பு மிச்சம் என்றாள். இதற்கு அழுதாள். அதுவும் நான் கொல்லைப்புறம் போன பிறகுதான்.

இந்த மருந்தில் சிலருக்கு இப்படி ஆவதுண்டு, பெரும்பாலும் திரும்பி வந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். பெரும்பாலும் என்றால் எது வரும், எது வராது என்பதை யார் சொல்வார்கள் என்று அவள் கேட்டாள். அவர் அடுத்த தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அன்று மாலை கூடத்தில் விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்து என்னிடம் சொன்னாள்.

"இனிமே நான் வரலங்க. இன்னும் மூணு தடவை போட்டா உசிரு இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது. எனக்கு அது வேணாம்."

நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். பாதியில் நிறுத்தினால் என்னென்ன ஆகும் என்பதை வரிசைப்படுத்திச் சொன்னேன். மறுநாள் வேறு விதமாகச் சொன்னேன். சென்னையில் இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கலாம் என்றேன். இது மேல்முறையீடு இல்லாத தீர்ப்பு என்று என் பாஷையிலேயே பதில் சொன்னாள். அந்த நேரம் பார்த்து ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கின்றன, ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கேட்ட வாய்தா கிடைத்தது மாதிரி அவள் முகம் தெளிந்தது. அவள் இல்லாத வீட்டில் எந்த அலமாரியில் என்ன இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. தாலுகாவில் எந்த எல்லைக்கல் எங்கே நட்டிருக்கிறது என்று மட்டும் தெரியும்.

வாரக் கடைசியில் ஒரு தந்திரம் செய்தேன். சிகிச்சை வேண்டாம் என்றால் சும்மா வீட்டில் இருந்துவிட முடியாது. நேரில் போய் டாக்டரிடம் சொல்லி, சம்மதமில்லை என்று கையெழுத்துப் போட்டுத்தான் நிறுத்த வேண்டும், அதுதான் நடைமுறை என்றேன். இதில் பாதி உண்மை. என்னோடு வாழ்ந்து பழகியவளுக்கு அதை நம்புவதில் சிரமமில்லை. சரி, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று புடவை மாற்றிக்கொண்டாள். சாய்ந்த கூடையை நானே எடுத்து வைத்தேன். கையெழுத்துப் போட ஃபிளாஸ்க் எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

அந்த வருஷம் காவிரியில் தண்ணீர் வரவில்லை. குறுவைச் சாகுபடி போய்விட்டது, சம்பாவும் சந்தேகம். வாடகைக் கார் தஞ்சாவூர் சாலையில் கொஞ்ச தூரம்தான் போனது. முன்னால் பஸ்களும் லாரிகளும் வரிசையாக நின்றன. மறியல். காய்ந்த நாற்றுக்கட்டுகளைச் சாலையில் போட்டு விவசாயிகள் உட்கார்ந்திருந்தார்கள். இப்படி எத்தனையோ மறியலில் வெயிலில் நின்று பேசி, உறுதிமொழி கொடுத்து, சாலையைத் திறந்துவிட்டவன் நான். உறுதிமொழிகள் என்ன ஆயின என்பது வேறு விஷயம். இப்போது கார் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கும் பொதுமக்களில் ஒருவன்.

"பாருங்க, காவேரியே சொல்லுது திரும்பிப் போன்னு" என்றாள் அவள்.

டிரைவர் காரைத் திருப்பலாமா என்று என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்வதற்குள், உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து துண்டை உதறிக்கொண்டு எங்கள் காரை நோக்கி வந்தார். குத்தகைதாரர். கோஷம் போட்டுத் தொண்டை கட்டியிருந்தது. ஜன்னலில் குனிந்து, தலையில் முக்காடிட்ட அவளைப் பார்த்தார். பிறகு, ஊசி நாளா டீச்சர் என்று கேட்டார்.

இல்லை, போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வரப் போகிறேன், உடம்பு தாங்கவில்லை என்றாள் அவள். மூன்றாம் மனிதரிடம் அவள் அதைச் சொன்னபோது எனக்கு அது முடிந்துபோன விஷயமாகத் தோன்றியது.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதெல்லாம் ஆகாது டீச்சர். கேஸு நிலுவையில இருக்கு. உங்க அப்பா போனதுக்கு வாரிசு சேக்கவே எம்புட்டு அலைஞ்சோம். நீங்களும் போயிட்டா அடுத்து சாரைச் சேக்கணும். உங்ககிட்ட தோத்தாக்கூட பரவால்ல. சார்கிட்ட யாரு கேஸ் நடத்தறது?"

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்க வேண்டும். ஆனால் சட்டத்தில் ஒரு பிழை காதில் விழுந்தால் என்னால் திருத்தாமல் இருக்க முடியாது.

"நான் வாரிசு ஆகமாட்டேன்" என்றேன். "பிள்ளையில்லாத பொம்பளைக்குத் தகப்பன் வழியா வந்த சொத்து, புருஷனுக்குப் போகாது. தகப்பனோட வாரிசுகளுக்குத் திரும்பிப் போயிடும். இவளோட பெரியப்பா, சித்தப்பா பிள்ளைங்க. எட்டோ ஒன்பதோ பேர். ஒருத்தர் பம்பாய், ஒருத்தர் எங்கன்னே தெரியாது. எல்லாருக்கும் நோட்டீஸ் கொண்டுபோய்ச் சார்வு பண்ணணும்."

குத்தகைதாரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "கேட்டீங்களா டீச்சர்" என்றார்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரிப்பு. இடது பக்கத் தழும்பு இழுக்க, அதைக் கையால் அழுத்திக்கொண்டு சிரித்தாள். "சாகப் போறேங்கறேன், இவரு செக்‌ஷன் சொல்றாரு" என்று அவரிடம் சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள். அவரும் சிரித்தார். டிரைவர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கண்ணாடியைத் துடைத்தார்.

அவர் திரும்பிப் போய் என்னவோ சொன்னார். உட்கார்ந்திருந்தவர்கள் நாற்றுக்கட்டுகளை இழுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் நகர்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் காலையிலிருந்து பேசி நடக்காதது அது. எங்கள் கார் போனதும் பின்னால் மறுபடி மூடிக்கொண்டது. போகிற வழியில் ஒரு பெண் ஜன்னல் வழியாகக் கூடையைப் பார்த்து, ஏன் இப்படிக் கோணலாக இருக்கிறது என்று கேட்டது காதில் விழுந்தது.

ஊரைத் தாண்டும்வரை அவள் சீட்டில் சாய்ந்திருந்தாள். சிரித்த களைப்பு. பிறகு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கு மறந்தது கூட பெரிசில்லங்க. மேடையிலயே மறக்கும். பாட்டு கத்துக்கற பிள்ளைங்ககிட்ட என்ன சொல்லுவேன்? வரி மறந்தா போகட்டும், தாளத்தை விடாத, சுத்தி வர்றப்ப எங்கயாவது சேந்துக்கலாம். அன்னைக்கு நான் நின்னேன். உங்க கையும் நின்னுடுச்சு. எல்லாமே நின்னுபோன மாதிரி இருந்துச்சு."

ஆவணம் இல்லையென்றால் கோப்பு நகராது. காணாமல் போன காகிதம் கிடைக்கும்வரை எல்லாவற்றையும் நிறுத்திவைத்துப் பழகிய கை அது. அவளுக்கு மரியாதை செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டு நிறுத்தினேன்.

ஆஸ்பத்திரியில் அவள் எந்தக் காகிதத்தையும் கேட்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. போய்க் கட்டிலில் படுத்து வலது கையை நீட்டினாள். அதே நர்ஸ். "வலது" என்று நான் சொன்னேன். காகிதத்தை எடுக்கவில்லை.

மருந்து இறங்கத் தொடங்கியதும் அவள் முழங்காலில் கையை வைத்தேன். என்ன பாட்டு என்று கேட்டேன். தெரிந்துதானே கேட்கிறீர்கள் என்பது போலப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அதே சாவேரி. பல்லவி போனது. அனுபல்லவி போனது. சரணம் ஆரம்பித்தது. முதல் வரி முடிந்தது. இரண்டாவது வரி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. உதடு திறந்து, அப்படியே நின்றது.

நான் நிறுத்தவில்லை. தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. ஒரு சுற்று ஒன்றுமில்லாமல் போனது. எனக்கு அந்த வரி தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் வட்டாட்சியர் ஆணையைப் படிப்பது போலத்தான் இருக்கும் என்பதால் சொல்லவில்லை. இரண்டாவது சுற்றும் வெறுமனே போனது. அவள் இமைக்குள் கண் அசைந்துகொண்டிருந்தது. என் கை ஓடத் துடித்தது. ஓடாமல் பிடித்தேன். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே இருந்த அந்தச் சும்மா இடத்தில் சும்மாவே இருந்தேன். டிவியில் யாரோ யாரையோ ராஜினாமா செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது சுற்று திரும்பியபோது போர்வைக்குள் அவள் கால் கட்டைவிரல் அசைந்தது. தட்டு விழுந்த இடத்தில் சரியாக அசைந்தது. இரண்டாவது வரி வரவில்லை. மூன்றாவது வரி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி, பல்லவிக்குத் திரும்பி, முடித்தாள். பிறகு வெகு நேரம் கண்ணைத் திறக்காமலேயே படுத்திருந்தாள்.

"வேகமாப் போட்டேனா?" என்று கேட்டேன்.

"கடைசியில கொஞ்சம்" என்றாள். "இன்னொண்ணு பாடலாம், கைய எடுக்காதீங்க."

மிச்ச மருந்தையும் போட்டுக்கொண்டாள். அதில் பாடாத நாட்களும் உண்டு, பேசாத நாட்களும் உண்டு. கீமோ முடிந்து கதிர்வீச்சு, அதற்குப் பிறகு வருடக்கணக்கில் மாத்திரை. டாக்டர் சொன்னது போலவே பெரும்பாலும் திரும்பி வந்தது. எது வரவில்லை என்று நான் கேட்டதில்லை. காவிரியிலும் பிறகு தண்ணீர் வந்தது, வராமலும் இருந்தது. தென்னந்தோப்பு வழக்கு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. அதை முடித்துவிடலாம் என்று நான் ஒருமுறை சொன்னபோது, வழக்கு முடிந்தால் குத்தகைதாரர் நம் வீட்டுக்கு வர ஒரு காரணம் வேண்டாமா என்று அவள் கேட்டாள். அவருடைய மனைவி வயலுக்குச் சோறு கொண்டுபோவது எங்கள் கூடையில்தான். அது நேராக நிற்கும், என் மனைவி பின்னியது.

சாய்ந்த கூடை வீட்டில் இருக்கிறது. மாலையில் அவள் சில நாள் அந்தச் சாவேரியை எடுப்பாள். இப்போது வாய்விட்டே பாடுகிறாள், தாளமும் அவள் கையிலேயே இருக்கிறது. சரணத்தின் இரண்டாவது வரி அவளுக்கு இப்போது நன்றாகத் தெரியும். பாட்டுக்கு வரும் பெண்களுக்கு அதைத் தெளிவாகச் சொல்லிக் கொடுப்பது எனக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கிறது. ஆனால் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது அந்த வரிக்கு முன்னால் நிறுத்திவிட்டு, தன் கையையும் மடியில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்கிறாள்.

நான் படித்துக்கொண்டிருப்பதைக் கீழே வைத்துவிட்டுத் தாளம் போடுகிறேன். ஒரு சுற்று வெறுமனே போகிறது. பிறகு அவள் சேர்ந்துகொள்கிறாள்.